வடிவக்காவின் ஆம்பளைக் குடை

போன மாதம் சங்கரன்கோவிலில் ஒரு கல்யாணம். தாலி கட்டி, பந்தியும் முடிந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. மண்டபத்துக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடத்தில் ‘அன்றாடப் பொருட்களில் நம் ஊர் வரலாறு’ என்று துணிப் பதாகை கட்டியிருந்தார்கள். உள்ளே மின்விசிறி ஓடும் என்ற ஆசையில்தான் நுழைந்தேன், வரலாற்று ஆசையில் இல்லை.

பிள்ளைகள் வீட்டுப் பரணில் கிடந்ததை எல்லாம் இறக்கிக் கொண்டுவந்து மேசைகளில் பரப்பியிருந்தார்கள். நாழி, உழக்கு, அரிக்கேன் விளக்கு, தறியில் ஓடி ஓடித் தேய்ந்த நாடா, பித்தளைக் கூஜா, தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு அட்டை. கடைசி மேசையில் ஒரு கறுப்புக் குடை. வளைந்த பிரம்புக் கைப்பிடி, நீளமான இரும்புக் கம்பி, நுனியில் பித்தளைப் பூண். ‘பழங்காலக் குடை. நம் முன்னோர் வெயிலுக்கும் மழைக்கும் பயன்படுத்தியது’ என்று அட்டையில் வட்ட வட்டமான எழுத்து.

மேசைக்குப் பின்னால் இரட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி நின்றாள். “புடிச்சுப் பாருங்க மேடம், ஒண்ணும் ஆவாது” என்றாள். கைப்பிடியைத் தொட்டேன். சட்டென்று முகமெல்லாம் சூடாகிவிட்டது. பட்டுச்சேலை, தலையில் கல்யாண வீட்டுப் பூ, அறுபது தாண்டிய வயது. இத்தனையும் இருந்தும், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை முன்னால் காது மடல் வரைக்கும் எரிந்தது.

“எதுக்கு மேடம் சிரிக்கீங்க?” என்று கேட்டாள்.

நான் சிரிக்கவில்லை. வெட்கம் வந்தால் என் முகம் அப்படி ஆகிவிடும். அதற்காக நான் வாங்கிய வசவுகள் கொஞ்சநஞ்சமில்லை. “நல்லா இருக்கு மக்கா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். இதே மாதிரிக் குடை ஒன்று எனக்கு எதற்கெல்லாம் பயன்பட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு அந்த ஊரில் வேலை கிடைத்தது. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். சர்க்கார் சம்பந்தப்பட்டது, அவ்வளவு போதும். சொந்தக் கட்டடம் கிடையாது. ஊர் ஓரத்தில், முன்பு பருத்திக் கிட்டங்கியாக இருந்த ஒரு நீண்ட கூடத்தை வாடகைக்குப் பிடித்து மேசை நாற்காலி போட்டிருந்தார்கள். குருவிகுளம் பக்கத்துக் கரிசலில் விளைந்த பருத்தியெல்லாம் ஒரு காலத்தில் அங்கேதான் வந்து இறங்குமாம். மழை பெய்தால் சுவரிலிருந்து பருத்திக்கொட்டை வாசனையும் சாக்கு வாசனையும் கிளம்பும். இன்றைக்கும் மாட்டுத்தீவனக் கடையைக் கடந்து போனால் எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துவிடும். மற்றவர்களுக்கு சங்கரன்கோவில் என்றால் புற்றுமண்ணும் ஆடித்தபசும் பிச்சிப்பூவும். எனக்கு முதலில் வருவது பருத்திக்கொட்டை.

கிட்டங்கி கட்டியவர்கள் மூட்டைகளுக்காகக் கட்டினார்கள். மூட்டைக்குக் கக்கூஸ் தேவையில்லை. பிறகு வந்த ஆண்களுக்குப் பின்சுவர் இருந்தது. அந்தச் சுவரின் கீழ்ப்பாதி எந்த வெயிலிலும் காய்ந்ததில்லை. பெண்கள் வேலைக்கு வருவார்கள் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. வந்தது நாங்கள் இரண்டு பேர்.

நான் பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். எங்கள் வீட்டில் படித்து வேலைக்குப் போன முதல் பெண் நான்தான் என்பதில் அம்மாவுக்கு இருந்த பெருமை, பஸ் நிறுத்தம் வரை கூட வந்து கண்டக்டரிடம் “ஆபீஸ் பிள்ளை, பாத்து எறக்கி விடுங்க” என்று சொல்லும் அளவுக்கு இருந்தது. வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. விடியுமுன் ஓடைக்கரைக்குப் போனால் அடுத்தது பொழுது அடைந்த பிறகுதான். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் பகலில் உடம்பு கிடையாது. அதைப் பெரிய குறையாக அதுவரை நான் நினைத்ததும் இல்லை. வீட்டில் இருந்தால் மாட்டுத் தொழுவத்துப் பக்கம், வைக்கோல் படப்பு மறைவு என்று எப்படியாவது சமாளித்துவிடலாம். ஆபீஸில் எங்கே போவது?

முதல் நாள் உள்ளே போய் உட்கார்ந்ததும் பியூன் மாடசாமி அண்ணாச்சி மண்பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நல்ல மனுஷன். “குடி தாயி, வெயில்ல வந்திருக்க” என்றார். சித்திரை மாசம். எடுத்து மடமடவென்று குடித்தேன். அடுத்த மேசையில் இருந்த பெண் கண்ணால் ஏதோ சாடை காட்டினாள், எனக்குப் புரியவில்லை. இன்னொரு தம்ளர் கேட்டேன். அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து குனிந்து, “ஏட்டி, போதும். மொத நாளே ஏன் இப்பிடிக் குடிக்க? சாயங்காலம் வரைக்கும் என்ன செய்வ?” என்றாள்.

அதுதான் சண்முகவடிவு அக்கா. ஆபீஸில் வடிவக்கா. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வருவாள். நாற்பது வயதிருக்கும். நெடுநெடுவென்று உயரம். இரண்டு பையன்கள், தறி போட்டுக்கொண்டிருந்த கணவர். நடக்கும்போது குடை பிடிப்பாள், பெண்கள் பிடிக்கும் சின்னக் குடை இல்லை. மாமனார் வைத்திருந்த ஆம்பளைக் குடை. விரித்தால் ஒரு பந்தல் அளவு நிழல் விழும். “என்னக்கா, இம்புட்டுப் பெரிசு?” என்று கேட்டேன். “போகப் போகத் தெரியும்” என்றாள். அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது.

ஆபீஸிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ரயில் தண்டவாளம். அதை ஒட்டி உடைமரக் காடு. பெரிய காடு இல்லை, ஆள் மறையும் உயரத்துக்கு அங்கங்கே புதர். ஒருத்தி உட்கார்ந்தால் இன்னொருத்தி பாதைப் பக்கம் குடையை விரித்துக் கேடயம் மாதிரிச் சாய்த்துப் பிடித்து நிற்க வேண்டும். பிறகு ஆள் மாற வேண்டும். நான் குடை பிடித்தபோது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. “மேல என்னட்டி பாக்க? ஆகாசத்துலயிருந்தா வரப் போறான்? பாதையப் பாரு!”

எனக்கு முன்னால் அவள் இதைத் தனியாகச் செய்துகொண்டிருந்தாள். குடையை விரித்துத் தரையில் வைத்து, கல்லை முட்டுக் கொடுத்து.

இதற்கு முன் வேறு வழிகளும் பார்த்திருக்கிறாள். ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வியாபாரி வீடு, கல் தூண் வைத்த பெரிய வீடு. அங்கே ஆள் வந்து அள்ளிக்கொண்டு போகும் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. வீட்டுக்கார அம்மாவிடம் அக்கா கெஞ்சிக் கேட்டுப் போய்வந்துகொண்டிருந்தாள். நான் சேர்ந்த பிறகு என்னையும் ஒருநாள் கூட்டிப்போனாள். நாங்கள் வெளியே வரும்போது கொல்லைச் சந்தில், சுவரோடு இருந்த சின்ன இரும்புக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் குனிந்திருந்தாள். கையில் தகரம், பக்கத்தில் வாளி. வயது என்னைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கலாம். நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். தான் அள்ளுவது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று, அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரிந்துபோயிற்று. சந்து முழுக்க நான் தலை தூக்கவில்லை. “இனி இங்கன வேண்டாம்க்கா” என்றேன். அக்காவும் “வேண்டாம்” என்றாள். அந்தத் தகரத்தையும் வாளியையும் பிள்ளைகளின் கண்காட்சியில் நான் பார்க்கவில்லை. எந்த வீட்டுப் பரணிலும் அது இருந்திருக்காது.

ஆக, குடைதான். மத்தியானம் நாங்கள் கிளம்பும்போது வாசலில் இருந்த டீக்கடையில் பேச்சு நிற்கும். வெயில் நாளில் குடை பிடித்துப் போனால் யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். ஐப்பசி மூட்டத்திலும் போனோமே? வெயிலும் இல்லை, மழையும் இல்லை, இரண்டு பெண்கள், ஒரு பெரிய குடை, நேரே ரயில் தண்டவாளப் பக்கம். “குடை கெளம்பிருச்சு வே” என்று ஒரு குரல் வரும். உடனே நாலு பேர் சிரிப்பார்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேர் எங்கள் ஆபீஸ்காரர்கள். அரைமணி கழித்து அதே ஆட்கள் என் மேசைக்கு முன்னால் வந்து “அந்த ஃபைலை எடும்மா” என்பார்கள். எடுத்துக் கொடுக்கும்போது என் முகம் சிரித்த முகமாக இருக்கும். ‘நல்ல கலகலப்பான பொண்ணு’ என்று எனக்கு ஆபீஸில் பெயர்.

அக்கா இதையெல்லாம் காதில் வாங்கமாட்டாள். வாங்காத மாதிரி நடக்கக் கற்றிருந்தாள் என்பதுதான் சரி. ஒருநாள் டீக்கடையைக் கடந்த பிறகு அவள் குடையை முகத்துக்கு நேரே இறக்கிப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி நானும் நடந்தேன்.

ஆடி மாசக் காற்றைப் பற்றி அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைப் பக்கமிருந்து கிளம்பினால் கரிசல் புழுதியை வாரிக்கொண்டு வரும். தபசுத் திருவிழாவுக்கு ஊரெல்லாம் கூட்டம், ரயிலிலும் கூட்டம். அன்றைக்கு நான் உட்கார்ந்திருக்கிறேன், அக்கா குடை பிடித்திருக்கிறாள். ஒரே காற்று, குடை அப்படியே வெளிப்பக்கமாகத் திரும்பித் தாமரைப் பூ மாதிரி நின்றது. அதே நேரம் விருதுநகர்ப் பக்கமிருந்து பாசஞ்சர் வந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துக் கரி எஞ்சின், ஸ்டேஷன் பக்கத்தில் வந்துவிட்டால் மாட்டு வண்டியிடம் தோற்கும் வேகம். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள்.

எழுந்திருக்கவும் முடியாது, உட்கார்ந்திருக்கவும் முடியாது. என் இரண்டு கையும் தாமாகவே போய் முகத்தை மூடின. முகத்தை மூடிவிட்டால் நான் யார் என்று எவருக்கும் தெரியாது, தெரியாவிட்டால் நடக்கவில்லை என்றே ஆகும். அந்த வயதில் எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான். விரல் இடுக்கில் பார்த்தேன். அக்கா குடையைத் தூக்கி எறிந்துவிட்டாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, ரயிலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். ரயிலைப் பார்த்தபடி நின்றாள். கடைசிப் பெட்டி போகும்வரை கையை இறக்கவில்லை. அந்த ரயிலில் வந்தவர்கள் பார்த்தது அவள் முகத்தைத்தான், என்னை இல்லை.

திரும்பும்போது குடைக் கம்பிகளை ஒவ்வொன்றாக மடக்கி நேராக்கிக்கொண்டே வந்தாள். “யாரும் பாக்கல மக்கா” என்றாள். பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு நான் அழுத அழுகை இருக்கிறதே, அம்மாவுக்குப் பயந்து பஸ் நிறுத்தத்திலேயே முகம் கழுவிக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு நான் காட்டுக்குப் போகவில்லை. காலையில் காபியை விட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் தயிர்ச்சோற்றை விழுங்கினேன். மாடசாமி அண்ணாச்சி தம்ளரை நீட்டினால் தாகமில்லை என்பேன். “நீ என்ன தாயி, ஒட்டகமா?” என்பார். உடம்பு எத்தனை நாள் தாங்கும்? நீர்க்கடுப்பு வந்தது, பிறகு குளிர்க் காய்ச்சல். அம்மா கண் திருஷ்டி என்று சுற்றிப்போட்டாள், உடம்புச் சூடு என்று வெந்தயம் கொடுத்தாள். கடைசியில் டாக்டரிடம் போனோம். “தண்ணி குடிக்கிறதில்லையா? ஒன்னுக்கு அடக்குவியா?” என்று கேட்டார். அம்மா பக்கத்தில், கம்பவுண்டர் எதிரில். நான் சிரித்த முகத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “வாயத் தொறந்து சொல்லேன்ட்டி” என்று அம்மா இடித்தாள்.

படுக்கையிலேயே முடிவு பண்ணிவிட்டேன், வேலை வேண்டாம். அம்மாவிடம் வேறு காரணம் சொன்னேன். பஸ்ஸில் கூட்டம், தலைவலி. கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிய அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வடிவக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் பூ, ஆரஞ்சுப் பழம், அந்தக் குடை. அம்மா காபி போடப் போன இடைவெளியில் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

“வேலைய விடப் போறியாமே?”

“ஆமாக்கா.”

“விட்டுட்டு?”

“கல்யாணம் பேசுதாங்க.”

“பேசட்டும். கெட்டிக் குடுக்கிற ஊர்ல பகல்ல போக எடம் இருக்கான்னு கேட்டியா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா குடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “நீ இல்லன்னா நான் திரும்பக் கல்லைத்தான் முட்டுக் குடுக்கணும்” என்றாள். அறிவுரை சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேன். அந்த ஒரு சொல்லுக்காகத் திங்கட்கிழமை பஸ் ஏறினேன்.

அந்த வருஷக் கடைசியில் மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். பெண் அதிகாரி. காட்டன் புடவை, கண்ணாடி, சத்தமில்லாத பேச்சு. மேனேஜர் நாலு நாளாகச் சுவருக்கு வெள்ளையடித்து, பானையை மாற்றி, எங்களுக்குப் புதுசாக மேசைவிரிப்பு வாங்கிப் போட்டிருந்தார். மேனேஜர் கெட்டவர் இல்லை. கூட்டத்துக்குக் கூட்டம் பெண்களைத் தெய்வம் என்று பேசுகிறவர். காலையிலிருந்து அந்த அம்மா உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். மேனேஜர் கலர் வாங்கிக் கொடுத்தார், இளநீர் வெட்டிக் கொடுத்தார், காபி கொடுத்தார். பதினொன்றரை மணிக்கு மேல் அந்த அம்மா கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். எழுந்து எங்கள் மேசைப் பக்கம் வந்து, வடிவக்காவிடம் தாழ்ந்த குரலில், “இங்க லேடீஸுக்கு எங்க?” என்று கேட்டார்.

மேனேஜர் காதில் விழுந்துவிட்டது. “மேடம், ஜீப் நிக்குது. நம்ம வீட்டுக்குப் போயிரலாம், பக்கத்துலதான்” என்று ஓடிவந்தார்.

அக்கா எழுந்தாள். சுவரில் சாத்தியிருந்த குடையை எடுத்தாள். “நாங்க போற எடத்துக்கே வாங்க மேடம். பழகின எடம்தான்” என்றாள். கூடத்தில் டைப் அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்றிருந்தது. அந்த அம்மா அக்காவைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். “வாங்க” என்று முன்னால் நடந்தார்.

மூன்று பேர் போனோம். டீக்கடையில் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஜீப்பில் வந்த அதிகாரியல்லவா? உடைமுள் அந்த அம்மாவின் செருப்பைத் துளைத்து ஏறிவிட்டது. அக்கா குனிந்து பிடுங்கிவிட்டாள். அக்காவும் நானும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றோம். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஒரு ஆடு மேய்க்கிறவர் வந்தார், எங்களைப் பார்த்ததும் ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த அம்மா எழுந்து வந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். முகம் எப்படி இருந்தது தெரியுமா? என் முகம் மாதிரியே இருந்தது. மெட்ராஸ், படிப்பு, ஜீப் எதுவும் அதில் இல்லை.

மேனேஜரிடம் அவர் கோபப்படவில்லை. கிளம்பும்போது, “அடுத்த தடவை நான் வரும்போது இங்க ஒரு கதவு இருக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

பொங்கல் கழிந்து கதவு வந்தது. பின்சுவரை ஒட்டிச் சின்ன அறை, மேலே கல்நார்த் தகடு, செப்டிக் டேங்க், தகரக் கதவு. மேனேஜர் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டித் திறந்துவைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கக்கூஸுக்குச் சூடம் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் அக்காவும் முன்வரிசையில் நிறுத்தப்பட்டிருந்தோம், கல்யாணப் பெண்கள் மாதிரி. அதற்குப் பிறகு அந்தக் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டார்.

“பொதுச்சொத்து. கண்டவனும் போயி நாசம் பண்ணிருவான்” என்றார். சாவி அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. தொலையாமல் இருக்க மாடசாமி அண்ணாச்சியைவிட்டு உடைந்த நாற்காலிக் கால் ஒன்றை அறுத்து, ஒரு முழங்கை நீளக் கட்டையாக அதில் கட்டியிருந்தார். யாரோ அதில் மையால் ‘பெண்கள்’ என்று எழுதிவேறு வைத்தார்கள். எனக்குத் தேவைப்பட்டால் நான் எழுந்து, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அத்தனை ஆண்களையும் கடந்து, அவர் மேசை முன்னால் நின்று, “சார், சாவி” என்று கேட்க வேண்டும்.

அவர் நிமிர்ந்து, “எதுக்கும்மா?” என்பார்.

ஒவ்வொரு தடவையும் கேட்பார். வேடிக்கைக்குக் கேட்டாரா, பழக்கத்தில் கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பதில் சொல்லாமல் நின்றால் எடுத்துக் கொடுப்பார். பிறகு அந்தக் கட்டையோடு திரும்ப நடக்க வேண்டும். சில நாள் “இப்பத்தானம்மா போன?” என்றும் சொல்லிவிடுவார். மாதத்தில் அந்த நாட்களில் அந்தக் கேள்வியைக் கேட்டு நின்ற நிற்பை நான் இங்கே எழுதப்போவதில்லை. கொஞ்ச நாளில் நானும் அக்காவும் பேசி முடிவு செய்யாமலே பழையபடி குடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிட்டோம். பூட்டிய கதவு பளபளவென்று இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அக்கா அவர் மேசைக்குப் போனாள். “சார், சாவி.”

“எதுக்கும்மா?”

“ஒன்னுக்குப் போக சார்.”

கூடம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள். மேனேஜர் சட்டென்று ஆணியிலிருந்து எடுத்து நீட்டினார். அக்கா போனாள், வந்தாள். சாவியைத் திருப்பித் தரவில்லை. கட்டையில் இருந்த கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“சாவிய மாட்டும்மா” என்றார் மேனேஜர்.

“எங்கிட்டயே இருக்கட்டும் சார். உங்களுக்கு எதுக்கு செரமம்? தெனமும் எதுக்கு எதுக்குன்னு கேக்க வேண்டியிருக்கு.”

அன்றிலிருந்து அந்தக் கட்டை அக்காவின் இடுப்பில் ஆடியது. ஃபைல் எடுக்க எழுந்தால் ஆடும், நடந்தால் மேசைக் காலில் இடிக்கும். ‘பெண்கள்’ என்ற எழுத்து எல்லோர் கண்ணிலும் படும். மத்தியானம் டீக்கடைப் பக்கம் போனாலும் அதோடுதான் போவாள். எனக்கு அவள் பக்கத்தில் நடக்கவே உடம்பு கூசியது. “அக்கா, முந்தானையால மூடிக்கோங்களேன்” என்று கெஞ்சினேன். “மூடிக்கிட்டுத் திரிஞ்சதெல்லாம் போதும் மக்கா. வெக்கப்பட வேண்டியவன் படட்டும்” என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அன்று பஸ்ஸில் ஏறும்போது அந்தக் கட்டையை அவிழ்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கரிவலத்தில் அவள் பையன்கள் பஸ் நிறுத்தத்தில் நிற்பார்கள் அல்லவா.

அடுத்த வருஷம் அவளைத் தூக்கி ராமநாதபுரம் பக்கம் போட்டார்கள். காரணம் எழுதப்படவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசி நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கட்டையைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். “ஆணியில மாட்டிராத” என்றாள். குடையை அவளே கொண்டுபோனாள்.

மறுநாள் காலையில் உட்கார்ந்த உடனே மேனேஜர் கேட்டார். “சாவி எங்கம்மா?”

“எங்கிட்ட இருக்கு சார்.”

“இங்கன மாட்டிரு.”

எல்லாத் தலையும் திரும்பியது. வடிவக்கா மாதிரிப் பேச எனக்கு வராது. இடுப்பில் கட்டி ஆட்டிக்கொண்டு நடக்கவும் வராது. அந்தக் கட்டையைச் சேலைக் கொசுவத்துக்கு உள்பக்கமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். தொடையில் இடித்து இடித்துக் கன்றிப்போயிருந்தது.

“இல்ல சார்” என்றேன்.

“என்ன இல்ல?”

“மாட்டல சார்.”

அவ்வளவுதான் பேசினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். என் முகம் வழக்கம்போலச் சிரித்த முகமாக ஆகியிருக்க வேண்டும், அதை அவர் தைரியம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, “சரி சரி, தொலைச்சிராத” என்று ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் நேரே அந்தச் சின்ன அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லாமல், வாந்தி எடுத்தேன். எனக்குப் பிறகு இரண்டு பெண்கள் புதிதாக வந்தார்கள். அவர்கள் கையில் சாவியைக் கொடுத்தேன். என்ன கதை என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அவர்களில் ஒருத்தி கட்டையை அறுத்துப் போட்டுவிட்டு ஒரு சின்ன வளையத்தில் மாட்டிக்கொண்டாள். வேறு ஊருக்கு எனக்கும் மாற்றல் வந்தது, கல்யாணம் ஆனது.

அக்காவை மறுபடி பார்த்தது ஒரே தடவை, தபசுக் கூட்டத்தில். தலை நரைத்திருந்தது. “தண்ணி குடிக்கியாட்டி?” என்று கேட்டாள். நலம் விசாரித்தது அவ்வளவுதான். கூட்டம் இரண்டு பேரையும் இரண்டு பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. பிறகு அவள் போய்ச் சேர்ந்த செய்தி காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு எட்டியது.

ஆபீஸ் சொந்தக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. கிட்டங்கியை இடித்தபோது அந்தக் கல்நார்த் தகட்டு அறை மட்டும் கொஞ்ச நாள் தனியாக வெட்டவெளியில் நின்றதாம், பூட்டோடு. பிறகு அதுவும் போயிற்று. மாடசாமி அண்ணாச்சி போய்விட்டார். டீக்கடை போய்விட்டது. கரி எஞ்சின் போய், தண்டவாளத்தையே அகலமாகப் போட்டுவிட்டார்கள். உடைமரக் காடு முழுக்க வீட்டுமனை. அதில் ஒரு மனையில் என் நாத்தனார் மகன் வீடு கட்டியிருக்கிறான். போன வைகாசியில் பால் காய்ச்சினார்கள், போயிருந்தேன். மொட்டை மாடியிலிருந்து தண்டவாளம் தெரிகிறது. எந்த இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். “கீழ ஒண்ணு, மேல ஒண்ணு, ரூமோட சேந்தே இருக்கு பாருங்க சித்தி” என்று ஒரு கதவைத் திறந்தாள். வெள்ளை ஓடு, குழாயில் தண்ணீர், சின்ன ஜன்னல்.

“நான் கொஞ்சம் போயிட்டு வாரேன்” என்றேன்.

“போங்க சித்தி, இதுக்கென்ன” என்று அவள் விருந்தாளிகளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். போக வேண்டிய தேவை ஒன்றும் இல்லை. சும்மா நின்றேன். அன்றைக்கு ரயில் வந்தபோது வடிவக்கா அங்கேதான் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள், ஏறக்குறைய அந்த ஜன்னல் பக்கம். நான் வெளியே வரும்வரை யாரும் கதவைத் தட்டவில்லை.